புலியும் கரடியும் மோதினால்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்டுயிர் பற்றிப் பேசப் போகும் பள்ளிகளில் பிள்ளைகள் முதலில் கை தூக்கிக் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். பெரியவர்கள் கூட்டம் முடிந்த பிறகு தனியாக வந்து கேட்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி அலுத்துப்போய் ஒரேயடியாக எழுதி வைத்துவிட்டேன். இதில் பெரும்பாலும் இரண்டு இடங்கள் வரும். ஒன்று ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் சிகோட்டே-அலின் மலைக்காடு, இன்னொன்று நம் இந்தியக் காடு. இரண்டிலும் புலி உண்டு, கரடி உண்டு. ஆனால் நடக்கிற கதை வேறு வேறு.

புலி கரடியைத் தின்னும் என்பது நிஜமா, வேட்டைக்காரர்கள் விட்ட கதையா?

நிஜம்தான். புலியின் எச்சத்தைக் கழுவிப் பார்த்தால் அதில் கரடி மயிர் கிடைக்கிறது. ரஷ்யாவிலும் கிடைக்கிறது, இந்தியாவிலும் கிடைக்கிறது.

ஆனால் கரடி புலியின் அன்றாடச் சாப்பாடு இல்லை. சிகோட்டே-அலின் பகுதியில் புலியின் ஓராண்டு இரையில் கரடிகளின் பங்கு 2.1 சதவீதம்தான். அதில் 1.4 சதவீதம் பழுப்புக் கரடி, மீதி கறுப்புக் கரடி. அங்கே புலி நம்பி வாழ்வது காட்டுப்பன்றியையும் செம்மானையும். நம் காடுகளில் கடமான், புள்ளிமான், காட்டெருமை. இவை கிடைக்கிறபோது ஒரு புலி எதற்காகக் கரடியிடம் போய் நகக்கீறல் வாங்க வேண்டும்?

இந்தச் சின்னக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம். பன்றியும் மானும் குறைந்த ஆண்டுகளில் கரடியின் பங்கு ஏறும். ரஷ்யத் தூரக்கிழக்கில் 1944 முதல் 1959 வரை இரை விலங்குகள் வெகுவாகக் குறைந்துபோன காலத்தில், புலி கரடியைத் தாக்கியதாக 32 சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன.

சைபீரியப் புலியா, பழுப்புக் கரடியா: எது பெரியது?

கரடிதான். இதைச் சொன்னால் புலி ரசிகர்களுக்கு முகம் சுருங்கும். 1990-களுக்குப் பிறகு மயக்க ஊசி போட்டு எடை பார்த்த காட்டுப் புலிகளில் வளர்ந்த ஆண்களின் சராசரி 176 கிலோ, பெண்களின் சராசரி 118 கிலோ. பழைய புத்தகங்களில் வரும் 300 கிலோ, 350 கிலோ புலிகளை எந்தத் தராசில் நிறுத்தினார்களோ! அதே காட்டில் வாழும் உசூரி என்ற வகைப் பழுப்புக் கரடியின் ஆண் சராசரியாக 260 கிலோவை ஒட்டி வரும், பெண் 170-ஐ ஒட்டி வரும். அதாவது ஒரு பெண் கரடிக்கும் ஓர் ஆண் புலிக்கும் எடை ஏறத்தாழ சமம். குளிர்காலத் தூக்கத்துக்கு முன் கொழுத்துத் திரியும் ஆண் கரடிக்கு எதிரில் பெண் புலி பாதி எடைகூட இருக்காது.

சரி, நேருக்கு நேர் நின்றால் யார் ஜெயிப்பார்கள்?

எந்தப் புலி, எந்தக் கரடி, எந்த மாதம்? இந்த மூன்றையும் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.

பெரிய ஆண் புலியும், இரண்டு மூன்று வயதுக் கரடியும் என்றால் கரடிக்குப் பிழைக்க வழியில்லை. குகையிலிருந்து ஏப்ரலில் மெலிந்து வெளியே வரும் பெண் கரடியும் அப்படித்தான். மாறாக, குட்டிகளோடு இருக்கும் பெண் புலி, அவள் அடித்துப் போட்ட பன்றி, அதைத் தேடி வந்த பெரிய ஆண் கரடி என்று வைத்துக்கொண்டால், பெரும்பாலும் புலிதான் ஒதுங்கும். ஒதுங்காவிட்டால் சாகவும் கூடும்.

நடுவில் இருப்பதுதான் நீங்கள் கேட்க விரும்புவது, தெரியும். முழு வளர்ச்சி அடைந்த ஆண் புலி, முழு வளர்ச்சி அடைந்த ஆண் பழுப்புக் கரடி. உண்மையில் இந்த ஜோடி ஒன்றையொன்று தவிர்த்துவிடும். புலி தனியாக வேட்டையாடிப் பிழைக்கும் பிராணி. முன்காலில் ஒரு தசைநார் அறுந்தால் அந்த மாதமே பட்டினி. சிங்கத்தைப் போல அடித்துக் கொடுக்கக் கூட்டம் கிடையாது. அதனால் கணக்குப் பார்த்துத்தான் இறங்கும். கரடிக்கும் சண்டை போட்டே தீர வேண்டும் என்ற வேண்டுதல் இல்லை, அதற்குக் கொட்டையும் கிழங்கும் மீனும் போதும்.

யாரும் பார்க்காத இடத்தில் நடப்பதெல்லாம் எப்படித் தெரிகிறது?

பனியால் தெரிகிறது. எனக்கு இந்த விஷயத்திலேயே பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிகோட்டே-அலின் காப்பகம் 1935-ல் தொடங்கப்பட்டது. லெவ் கப்லானோவ் என்ற இளம் ஆய்வாளர் அங்கே பனிச்சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு, புலியின் தடத்தைப் பிடித்து நாள்கணக்கில் நடந்தார். புலி எங்கே படுத்தது, எங்கே நின்று மோந்தது, எங்கே பாய்ந்தது, பாய்ந்து தவறவிட்டது என்று ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார். அந்தப் பகுதி முழுவதிலும் 20 முதல் 30 புலிகள்தான் மிஞ்சியிருக்கின்றன என்று சொன்னவர் அவர். 1943-ல் கள்ள வேட்டைக்காரர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இன்றைய லாசோவ்ஸ்கி காப்பகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1947-ல், புலி வேட்டைக்குத் தடை வந்தது.

பனியில் இந்த இரண்டு தடங்களையும் குழப்பிக்கொள்ள முடியாது. புலியின் அடி உருண்டையாக, நகம் பதியாமல் இருக்கும். நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும் பூனை இனம் அல்லவா. கரடியின் பின்னங்கால் தடம் செருப்பில்லாத மனிதன் நடந்ததுபோல நீளமாக இருக்கும், விரல்களுக்கு முன்னால் ஒவ்வொரு நகமும் தனித்தனிக் குத்தாகத் தெரியும். உருண்டைத் தடம் கரடித் தடத்தின் மேல் விழுந்திருந்தால் புலி பின்னால் போயிருக்கிறது. நீளத் தடம் உருண்டைத் தடத்தை மிதித்திருந்தால் கரடிதான் பின்தொடர்ந்திருக்கிறது. அப்புறம் ஒரு பாறையின் பின்புறம் பனி உருகி உறைந்த ஒரு பள்ளம், புலி வெகுநேரம் படுத்துக் காத்திருந்த இடம். அங்கிருந்து நீண்ட இரண்டு தாவல். அதற்கப்புறம் உழுது போட்டதுபோல மண்ணும் பனியும் கலந்த வட்டம், முறிந்த புதர், கொத்துக் கொத்தாகப் பழுப்பு மயிர். கடைசியில் பிணம் இழுபட்ட கோடு. இதைப் படிக்கத் தெரிந்த வனக்காவலருக்குக் கேமரா தேவைப்படாது.

1992-ல் ரஷ்ய, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து சைபீரியப் புலித் திட்டத்தைத் தொடங்கி, புலிகளுக்கு ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டினார்கள். அதில் முதலாவது ஓல்கா என்ற பெண் புலி, 13 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணிப்பில் இருந்தாள். கரடிகளுக்கும் பட்டை மாட்டினார்கள். புலி எங்கே, கரடி எங்கே, எத்தனை நாள் ஒரே இடத்தில் என்று தெரிந்ததும், அந்த இடத்துக்குப் போய் எலும்பைப் பொறுக்கிப் பார்ப்பது எளிதாகிவிட்டது.

புலி கரடியை எப்படிக் கொல்கிறது?

மானைக் கொல்வதுபோலவேதான், தெரியாமல் வந்து. பாறை, விழுந்த மரம் மாதிரி கொஞ்சம் உயரமான இடத்திலிருந்து பாயும். ஒரு முன்காலால் மோவாயையும் இன்னொன்றால் தொண்டையையும் பற்றிக்கொண்டு, பிடரியில் முதுகெலும்பு தொடங்கும் இடத்தைக் கடிக்கும் என்று ரஷ்ய இயற்கையியலாளர்கள் விவரித்திருக்கிறார்கள். கரடியின் கழுத்தைச் சுற்றிக் கொழுப்பும் அடர்ந்த மயிரும் இருப்பதால் முதல் கடி சரியாக விழாவிட்டால் வேலை நீளும், புலியும் அடிபடும்.

தின்னும் விதம் சுவாரசியமானது. முதுகு, தொடை, கவட்டி என்று கொழுப்பு படிந்த இடங்களாகப் பார்த்துத் தின்னும். பனிக்காட்டில் கொழுப்புதானே சொத்து. நம் வீட்டில் ஆட்டுக்கறி வாங்கும்போது கொழுப்பை ஒதுக்கச் சொல்பவர்கள் மைனஸ் முப்பதில் ஓர் இரவு படுத்துப் பார்த்தால் கேட்டு வாங்குவார்கள்.

கறுப்புக் கரடியைவிடப் பழுப்புக் கரடிதான் அதிகம் சிக்குகிறதாமே? பெரியதுதானே தப்பிக்க வேண்டும்?

எல்லோரும் தலைகீழாக நினைக்கும் இடம் இது. கறுப்புக் கரடி சிறியது, ஆனால் மரம் ஏறும். ஆபத்து என்றால் மேலே போய்விடும். பழுப்புக் கரடி குட்டியாக இருக்கும்போது ஏறும், வளர்ந்தபின் அந்த நீண்ட நகமும் உடம்பும் மரத்துக்கு ஒத்துவராது. போதாததற்கு அது திறந்தவெளியில் மேய்கிறது. ஆகவே புலியின் வாயில் அகப்படுவது அதுதான் அதிகம்.

குளிர்காலத் தூக்கத்திலும் இதே வித்தியாசம். கறுப்புக் கரடி வயதான பாப்லார், லிண்டன் மரங்களின் பொந்துக்குள், பல நேரம் தரையிலிருந்து நல்ல உயரத்தில் போய்ச் சுருண்டுகொள்ளும். கீழே புலி உலாத்தினாலும், பழுப்புக் கரடியே வந்தாலும் கவலையில்லை. பழுப்புக் கரடி மண்ணில் குழி தோண்டித் தூங்கும். தூங்கும் கரடியைப் புலி தோண்டி எடுத்த பழைய பதிவுகள் இருக்கின்றன. ஆனால் 1993 முதல் 2002 வரை நடந்த ஆய்வில், பழுப்புக் கரடியை அதன் குழிக்குள் வைத்துப் புலி கொன்றதாக ஒன்றுகூடச் சிக்கவில்லை. குழிக்கு வெளியே, தூக்கக் கலக்கத்தோடு நடமாடும் சிறிய பெண் கரடிகள்தான் மாட்டின.

கறுப்புக் கரடிக்கு இப்போது பெரிய இடைஞ்சல் புலியைவிட ரம்பம்தான். பொந்துள்ள கிழட்டு மரங்களை வெட்டிவிட்டால் அது எங்கே ஏறும்?

கரடி புலியைக் கொன்ற கதை உண்டா?

உண்டு. 1973-ல் வெளியான ஒரு ரஷ்ய அறிக்கை பழுப்புக் கரடி புலியைக் கொன்ற 12 சம்பவங்களைக் குறிப்பிடுகிறது. செத்தவற்றில் வளர்ந்த ஆண் புலிகளும் இருந்தன. எல்லாச் சம்பவங்களிலும் கரடி அந்தப் புலியைத் தின்றும் இருக்கிறது. மேலே சொன்ன 1944-59 காலத்திலேயே பெண் புலிகளையும் குட்டிகளையும் கரடி கொன்ற நான்கு சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. சில தற்காப்பு, சில இரைக்கான தகராறு.

இரைக்கான தகராறு என்றால்?

புலி அடித்ததைக் கரடி பிடுங்குவது. என்னைக் கேட்டால் ரஷ்யக் காட்டில் இந்த இரண்டுக்கும் இடையே நடக்கும் முக்கியமான விஷயம் இதுதான். வேட்டை அப்புறம்தான்.

கரடியின் மூக்கு அபாரமானது. புலி ஒரு செம்மானை அடித்துப்போட்டால், அதை முழுக்கத் தின்று முடிக்கப் பல நாள் ஆகும். அதற்குள் காற்று வேலையைக் காட்டிவிடும். இன்னும் ஒரு படி மேலே போய், சில கரடிகள் புலியின் தடத்தையே பிடித்துக்கொண்டு பின்னால் நடக்கின்றன. பனியில் உருண்டைத் தடத்தை மிதித்தபடி நீளத் தடம் போகும் என்றேனே, அது இதுதான். கல்யாண வீட்டுப் பந்தலைப் பார்த்து வருகிற விருந்தாளி மாதிரி. வசந்த காலத்தில், பச்சை எதுவும் துளிர்க்காதபோது, புலியின் மிச்சம் கரடிக்கு நல்ல வரும்படி.

அந்த இடத்தில் யார் வலுத்தவரோ அவர் தின்பார். பெரிய ஆண் புலி சில நேரம் வந்த கரடியையே இரையாக்கிவிடும். பெண் புலி, அதிலும் குட்டிக்காரி, விட்டுவிட்டு வேறு வேட்டைக்குப் போவாள். நேரடிச் சண்டையில் சாகும் புலிகள் கொஞ்சம்தான். மீண்டும் மீண்டும் வேட்டையாட வேண்டிய களைப்பும் குட்டிகளின் பசியும் கணக்கில் ஏறுவதில்லை, அவ்வளவுதான்.

'ஷதூன்' என்கிறார்களே, அது என்ன?

குளிர்காலத்தில் தூங்கப் போகாமல் சுற்றும் கரடிக்கு ரஷ்யர்கள் வைத்த பெயர். அலைகிறவன் என்று வைத்துக்கொள்ளலாம். கொரியப் பைன் மரத்தின் கொட்டையும் ஓக் மரத்தின் கொட்டையும் பொய்த்துப்போன ஆண்டில், போதிய கொழுப்பு சேராத கரடி குழிக்குள் போய்ப் படுக்க முடியாது. படுத்தால் எழாது. பனியில் பசியோடு திரியும் அந்தக் கரடிக்கு இழக்க எதுவுமில்லை. புலியின் இரையை மறிப்பது அதுதான், புலியிடமே மாட்டுவதும் அதுதான். ஊருக்குள் வந்து சுடப்படுவதும் பெரும்பாலும் அதுவே. அதே கொட்டையைத்தான் காட்டுப்பன்றியும் தின்கிறது. ஆகவே கொட்டை பொய்த்த ஆண்டில் பன்றியும் இளைக்கும், புலிக்கும் தட்டுப்பாடு. ஒரு மரம் காய்க்காததில் மூன்று விலங்குகள் மாட்டிக்கொள்ளும்.

புலி கரடி மாதிரிக் குரல் கொடுத்து வரவழைக்குமாமே?

ரஷ்ய வேட்டைக்காரர்கள் அப்படிச் சொல்வார்கள். இந்தியாவில் இதே கதை கடமானை வைத்து இருக்கிறது: புலி கடமான் போலக் கத்தி அதை வரவழைக்கும் என்பார்கள். கடமான் குரல் கேட்டாலே கரடி மிரளும் என்றும் பழைய இயற்கையியலாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. புலியைப் பார்த்தால் கடமான் எச்சரிக்கைக் குரல் எழுப்பும், அது காட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கேதம். அதைக் கேட்டுக் கரடி மிரண்டால் அதற்குப் புலியின் மிமிக்ரி வரைக்கும் போக வேண்டியதில்லை.

நம் ஊர்க் கரடிக்கு வருவோம். புலி அதை வேட்டையாடுமா?

வேட்டையாடும், ஆனால் பெரும்பாலும் ஒதுங்கிப் போகும்.

ஆங்கிலத்தில் ஸ்லாத் பேர் (sloth bear) எனப்படும் நம் கரடி சைஸில் சின்னது. ஆண் 80 முதல் 145 கிலோ, பெண் அதைவிடக் குறைவு. வங்கப் புலியின் ஆண் 200 கிலோவைத் தொடும். எடையை மட்டும் பார்த்தால் கதை முடிந்தது. ஆனால் அந்தக் கரடியின் முன்காலைப் பார்த்திருக்கிறீர்களா? வெயிலில் சிமெண்ட் போல இறுகிக் கிடக்கும் கரையான் புற்றைப் பிளக்கும் நகம் அது, கொக்கி போல வளைந்து உங்கள் விரல் நீளத்துக்கு இருக்கும். சங்கப் பாடல்களில் எண்கு என்று வருவது இதுதான். புற்றுக்குள்ளிருக்கும் குரும்பியை, அதாவது புற்றாஞ்சோற்றை, அது தோண்டித் தின்பதை அப்போதே பார்த்து எழுதியிருக்கிறார்கள். மேல்தாடையில் முன்பற்கள் இரண்டு கிடையாது. அந்த இடைவெளி வழியாகக் கரையானை உறிஞ்சும் சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும்.

புலிக்கு வாய்ப்பு கிடைப்பதும் அந்த நேரத்தில்தான். கரடி தலையைப் புற்றுக்குள் விட்டு, தூசியும் சத்தமுமாக இருக்கும். புலி புற்றுக்குப் பக்கத்தில் காத்திருந்து, பின்னாலிருந்து வந்து பிடரியைப் பிடித்து, உடம்பின் பாரத்தால் தரையோடு அழுத்தும். பாய்வதற்கு முன்பே கரடி பார்த்துவிட்டால் ஆட்டம் மாறிவிடும். நம் கரடி ஓடாது. பின்னங்காலில் எழுந்து நின்று, ஊரைக் கூட்டுவதுபோல அலறிக்கொண்டு புலியை நோக்கியே வரும். இளம் புலியோ வயிறு நிறைந்த புலியோ என்றால் நடையைக் கட்டிவிடும். சில புலிகள் மட்டும் கரடி வேட்டையில் கை தேர்ந்து அதையே பழக்கமாக்கிக்கொள்வது உண்டு.

தடோபா காணொளியில் நடந்தது என்ன? கரடி செத்துவிட்டதா?

சாகவில்லை. மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்திலுள்ள தடோபா-அந்தாரி புலிகள் காப்பகத்தில் 2018 பிப்ரவரி கடைசியில் எடுத்தது அது. ஜாமுன்போடி என்ற நீர்நிலை. குட்டியோடு தண்ணீர் குடிக்க வந்த பெண் கரடி, அங்கே மட்காசுர் என்று பெயர் பெற்ற பெரிய ஆண் புலி.

நீங்கள் பார்க்கும்போது சத்தத்தைக் கூட்டி வைத்துப் பாருங்கள். அந்தக் கரடி போடும் ஓலம் அடிபடுகிற விலங்கின் ஓலம் மாதிரியே இருக்கும், பலர் அதைக் கேட்டே கரடி முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள். ஒரு கட்டத்தில் புலி அதைக் கீழே போட்டு அழுத்திக் கடித்துப் பிடித்திருக்கும். புழுதிக்குள் கறுப்பும் மஞ்சளும் மட்டும் உருளும். கடிபட்ட இடத்தில் பாதி வாய்க்கு மயிர்தான். கழுத்தைச் சுற்றி அவ்வளவு நீளமான பிடரி மயிர் அதற்கு. திமிறி எழுந்த கரடி திரும்பிப் புலியைத் துரத்தியது. இரண்டும் மூச்சு வாங்கி, காயத்தோடு, உயிரோடு பிரிந்தன. குட்டியும் பிழைத்தது.

ராஜஸ்தானின் ரந்தம்பூரில் 2011-ல் இன்னொரு தாய்க் கரடி, குட்டிகளை வைத்துக்கொண்டே, ஒரு பெண் புலியையும் அடுத்தாற்போல ஓர் ஆண் புலியையும் விரட்டியது.

இந்த வீடியோக்களில் எப்போதும் கரடியே தப்பிக்கிறதே, அப்படியானால் கரடிதான் பலசாலியா?

அவசரப்படாதீர்கள். வீடியோ எடுக்கப்படுவது பகலில், சுற்றுலா ஜீப் நிற்கும் இடத்தில், கோடையில் வற்றாத நீர்நிலை ஓரத்தில். அங்கே இரண்டும் ஒன்றையொன்று தூரத்திலேயே பார்த்துவிடும். மறைந்து பாயும் வாய்ப்பு புலிக்கு இல்லை. புற்றுக்குப் பக்கத்தில் விடியற்காலை இருட்டில் நடந்ததற்கு ஜீப்பும் கிடையாது, வீடியோவும் கிடையாது. எச்சத்தில் மயிர் மட்டும்தான் இருக்கும்.

குட்டியை முதுகில் சுமப்பது புலிக்குப் பயந்துதானா?

பெரும்பாலான ஆய்வாளர்கள் அப்படித்தான் கருதுகிறார்கள். உலகில் எட்டு வகைக் கரடி இருக்கின்றன. குட்டியை வழக்கமாக முதுகில் ஏற்றிக்கொண்டு திரிவது நம் கரடி மட்டும். தோளுக்கு மேலே மயிர் நீளமாக, கொத்தாக இருக்கும், குட்டிகள் அதைப் பற்றிக்கொள்ளும். வழக்கமாக இரண்டு குட்டி. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பேருந்தில் சீட்டுப் பிடித்ததுபோல இடம் மாறாமல் உட்கார்ந்திருக்கும். மாதக்கணக்கில் இந்தப் பயணம்தான்.

மற்ற கரடிகளின் குட்டி பயந்தால் மரம் ஏறும். நம் காட்டில் அது உதவாது. முதலாவது, கரடி வாழும் பல இடங்கள் புதர்க்காடு, புல்வெளி, பாறை. ஏற மரம் எங்கே? இரண்டாவது, மரத்தில் ஏறினால் பின்னாலேயே சிறுத்தையும் ஏறும். ஆகக் குட்டிக்குப் பத்திரமான இடம், திருப்பி அடிக்கத் தெரிந்த அம்மாவின் முதுகு.

புலியைவிடக் கரடிக்கு அதிகம் பயப்பட வேண்டும் என்று காட்டோர மக்கள் சொல்வது ஏன்?

அனுபவத்தில் சொல்கிறார்கள். புலி மனிதனை முதலில் பார்த்துவிடும், பார்த்ததும் விலகிவிடும். கரடிக்குப் பார்வையும் கூர்மை இல்லை, தின்னும்போது காதும் வேலை செய்வதில்லை. பத்தடியில் திடீரென்று ஓர் உருவம் தெரிந்தால், அது புலியா மனிதனா என்று விசாரித்துக்கொண்டு நிற்காது. எழுந்து நின்று முகத்தை நோக்கிப் பாயும். காலம் காலமாகப் புலியோடு வாழ்ந்த கரடிக்கு, ஓடினால் சாவு, பாய்ந்தால் பிழைப்பு என்பது உடம்பில் ஏறிய பாடம் என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். புலிக்காகத் தயாரான அடி, விறகு பொறுக்கப் போனவர் மேல் விழுகிறது.

காட்டோரத்தில் நடக்க நேர்ந்தால் பேசிக்கொண்டு, கூட்டமாக, வெளிச்சம் இருக்கும்போது போங்கள். கரடிக்கு நீங்கள் வருவது முன்கூட்டியே தெரிந்தால் அதுவே விலகும். மேலே விழுந்துவிட்டால் குப்புறப் படுத்துக் கழுத்தைக் கைகளால் மூடிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இரண்டும் ஒரே காட்டில் இருக்கின்றனவா?

இருக்கின்றன. முதுமலை, சத்தியமங்கலம், ஆனைமலை, களக்காடு-முண்டந்துறை, ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை என்று ஐந்து புலிகள் காப்பகங்களிலும் கரடி உண்டு. 2022 கணக்கெடுப்பில் தமிழகத்தில் 306 புலிகள். ஆனாலும் நம் ஆட்களுக்குக் கரடி என்றால் நினைவுக்கு வருவது கோத்தகிரி, குன்னூர் பக்கம் ராத்திரியில் கோயில் கதவை உடைத்து விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகும் கரடிதான். தேயிலைத் தோட்டத்துக்குள் புலி குறைவு, தின்பதற்கு நிறைய. கரடி அங்கே நிம்மதியாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

மலேசியாவிலும் சுமத்ராவிலும்?

அங்கே சூரியக் கரடி. கரடிகளிலேயே சிறியது, 65 கிலோவைத் தாண்டுவது அரிது. புலி அதைச் சில நேரம் பிடிக்கும். அதன் தோல் கழுத்தில் தொளதொளவென்று இருக்கும். யாராவது பிடரியைக் கவ்வினால் தோலுக்குள்ளேயே திரும்பிக் கடிக்கும். மரமும் நன்றாக ஏறும்.

இலங்கையில் புலியே இல்லையே, அங்குள்ள கரடி சாதுவாக இருக்குமா?

நல்ல கேள்வி. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர்தான் முதலில் கேட்டார். இலங்கைத் தமிழில் பலர் புலி என்று சொல்வது சிறுத்தையை. வரிப்புலி அங்கே இன்று இல்லை. ஆனால் ஒரு காலத்தில் இருந்தது. குருவிட்ட அருகே கிடைத்த ஒரு புலிப் பல்லின் புதைபடிவத்துக்குச் சுமார் 16,500 ஆண்டுகள் வயது.

புலி போய் இவ்வளவு காலம் ஆகியும் இலங்கைக் கரடியின் குணம் மாறவில்லை. அங்கேயும் குட்டி முதுகில்தான் போகிறது. அங்கேயும் காட்டுக்குத் தேனெடுக்கப் போகிறவர்கள் சிறுத்தையைவிடக் கரடியைத்தான் பயந்து சொல்வார்கள். பழைய பயம் இன்னும் உடம்பில் மிச்சம் இருக்கிறதா, இல்லை சிறுத்தை ஒன்றே அதற்குப் போதுமா என்று விவாதிக்கலாம். மே முதல் ஜூலை வரை பாலைப் பழக் காலத்தில் யால காட்டுக்குப் போனால் கரடியைப் பட்டப்பகலிலேயே பார்க்கலாம். மரத்தின் உச்சியில் கொப்பைக் கட்டிக்கொண்டு பழத்தைத் தின்றுகொண்டிருக்கும். ஜீப் வந்து நிற்பதைக்கூடக் கண்டுகொள்ளாது.